வேட்டை எழுத்தாளர்களும் ரைஃபிள் காலிபர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க வேட்டைக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு சீக்கிரமே காலிபரில் வந்து நிற்கும். ஒருவர் .270 என்பார், இன்னொருவர் .30-06-ஐ விட்டுக்கொடுக்க மாட்டார். இந்தப் பிடிவாதங்களில் பெரும்பகுதிக்குப் பிறப்பிடம் பத்திரிகைப் பக்கங்கள்தான். பழைய வேட்டைக் கட்டுரைகளை விரும்பிப் படிக்கும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை ஏறத்தாழ முடிந்துபோனது. எனவே நமக்கு இது படிப்பும் வரலாறும் சார்ந்த விஷயம்.

பல வருடப் படிப்பில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது: எழுதியவர் எந்த நிலத்தில், எந்த விலங்கை, யாருக்காகச் சுட்டாரோ அதற்கான பதில்தான் அவருடைய காலிபர். படித்தவர்கள் காலிபரை மட்டும் எடுத்துக்கொண்டு நிலத்தை விட்டுவிட்டார்கள்.

முதலில், .270, .30-06, 7×57 என்ற எண்களெல்லாம் எதைச் சொல்கின்றன?

காலிபர் என்பது குழலின் உள்விட்டம். ஏறத்தாழ குண்டின் பருமன். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அங்குலத்தில் சொல்வார்கள், ஐரோப்பாவில் மில்லிமீட்டரில். பெயரில் இருக்கும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. வின்செஸ்டர் என்ற துப்பாக்கி நிறுவனம் செய்த .270 வின்செஸ்டரின் குண்டு உண்மையில் .277 அங்குலம். .30-06-இல் வரும் '06', அமெரிக்க ராணுவம் அந்தத் தோட்டாவை ஏற்றுக்கொண்ட 1906-ஆம் ஆண்டைக் குறிக்கிறது. 7×57-இல் 7 என்பது குண்டின் பருமன், 57 என்பது தோட்டாக் கூட்டின் நீளம், இரண்டும் மில்லிமீட்டரில். குண்டின் எடையைக் கிரெய்ன் கணக்கில் சொல்வது வழக்கம். ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம்.

பேச்சில் 'காலிபர்' என்று சொல்லும்போது பெரும்பாலும் கூடு, வெடிமருந்து, குண்டு எல்லாம் அடங்கிய முழுத் தோட்டாவையும் சேர்த்தே சொல்கிறார்கள். இங்கேயும் அப்படித்தான்.

பத்திரிகையில் ஒருவர் எழுதினார் என்பதற்காகவா ஆயிரக்கணக்கானவர்கள் துப்பாக்கி வாங்கினார்கள்?

ஆமாம். சாதாரண வேட்டைக்காரரின் நிலையில் இருந்து பார்த்தால் இது புரியும். அவர் ஒரு மில்லிலோ பண்ணையிலோ வேலை பார்ப்பவர். வருடத்துக்கு ஒரு மான், நல்ல வருடமாக இருந்தால் இரண்டு. அந்த ஒன்றிரண்டு அனுபவத்தை வைத்துக்கொண்டு எந்தத் தோட்டா நல்லது என்று முடிவு செய்ய முடியாது. வாங்கப்போவதும் பல வருடம் வைத்திருக்கப் போகிற ஒரே ரைஃபிள். வருடம் முழுக்க மலையிலும் பனியிலும் திரிகிற ஒருவர், பலவகைத் துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்தவர், மாதாமாதம் வீடு தேடி வந்து பேசுகிறார் என்றால் அவர் சொல்வதைத்தானே கேட்பார்?

அந்தப் பத்திரிகைகள் சின்ன விஷயம் அல்ல. 'ஸ்போர்ட்ஸ் அஃபீல்ட்' 1887-இல் தொடங்கியது, 'ஃபீல்ட் அண்ட் ஸ்ட்ரீம்' 1895-இல், 'அவுட்டோர் லைஃப்' 1898-இல் டென்வர் நகரில். தொலைக்காட்சி பரவுவதற்கு முன்பு, வேட்டையைப் பற்றிய பொதுப்பேச்சு முழுவதையும் இவை போன்ற சில இதழ்களே நடத்தின. ஒவ்வொன்றிலும் துப்பாக்கிப் பகுதிக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். அவர் நாற்காலியில் இருபது முப்பது வருடம் இருப்பார். ஒரு தலைமுறை முழுக்க ஒரே குரலைக் கேட்டு வளர்ந்தது.

அப்படிப்பட்ட குரல்களில் முதலிடம் யாருக்கு?

ஜாக் ஓ'கானருக்கு. 1902-இல் அரிசோனாவில் பிறந்தவர். அப்போது அது மாநிலமாகக்கூட ஆகியிருக்கவில்லை. டூசான் நகரில் உள்ள அரிசோனா பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்தார். பிறகு வேலையை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளர் ஆனார். 1940-களின் தொடக்கத்திலிருந்து 1970-களின் தொடக்கம்வரை 'அவுட்டோர் லைஃப்' இதழின் துப்பாக்கிப் பகுதி அவர் கையில் இருந்தது.

.270 வின்செஸ்டர் 1925-இல் வெளிவந்தது. .30-06-இன் கூட்டை எடுத்து, அதன் கழுத்தைக் குறுக்கி, 130 கிரெய்ன் எடையுள்ள குண்டை விநாடிக்கு 3,000 அடிக்கும் மேலான வேகத்தில் அனுப்பியது. அந்தக் காலத்துக்கு அது பெரிய வேகம். ஆனாலும் அறிமுகமான உடனே எல்லோரும் பாய்ந்து வாங்கவில்லை. ராணுவத்தில் .30-06-ஐச் சுட்டுப் பழகியவர்கள் அதையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்தது இறைச்சியை அதிகம் சிதைக்கிறது என்றும் குறை சொன்னார்கள்.

ஓ'கானர் அதை மலையாட்டு வேட்டைக்கு எடுத்துச் சென்றார். மெக்சிகோவின் சொனோரா பாலைவன மலைகளில், அரிசோனாவில், கனடாவின் வடக்கே யூகானில் என்று, போன இடத்தையெல்லாம் எழுதினார். நல்ல ஆங்கிலம், நாவலாசிரியரின் கண். வறண்ட மலைச்சரிவில் முழங்காலில் ஊர்ந்துபோய், மூச்சை அடக்கி ஒரே குண்டில் முடிக்கிற காட்சியைப் படித்தவர் அந்த ரைஃபிளை மறக்க மாட்டார். ஸ்போகேன் நகரத்து அல் பீசன் அவருக்காகச் செதுக்கிக் கொடுத்த மாடல் 70 வின்செஸ்டர்கள் இன்றும் பேசப்படுகின்றன. ஐடஹோவின் லூயிஸ்டன் நகரில் அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது.

.270-ஐ அவர் புகழ்ந்ததற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டா, வெறும் பிரியமா?

காரணம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

அந்தக் காலத்தில் லேசர் தூரமானி கிடையாது. எதிர்ச்சரிவில் நிற்கும் ஆடு 200 கஜத்தில் இருக்கிறதா 300 கஜத்தில் இருக்கிறதா என்பதைக் கண்ணால் மட்டும் கணிக்க வேண்டும். வறண்ட காற்று, மரமே இல்லாத சரிவு. கண் சுலபமாக ஏமாறும். மெதுவாகப் போகும் குண்டு என்றால் 100 கஜக் கணிப்புப் பிழையில் அது விலங்கின் நெஞ்சுக்கும் கீழே போய்விடும்.

ஓ'கானர் சொன்ன வழி இது: 100 கஜத்தில் குறியைவிட 3 அங்குலம் உயரமாகப் படும்படி ஸ்கோப்பை, அதாவது ரைஃபிளின் மேல் பொருத்தும் குறிபார்க்கும் தொலைநோக்கியை, சரிசெய்துகொள்ளுங்கள். .270-இன் 130 கிரெய்ன் குண்டு சுமார் 275 கஜத்தில் சரியாகக் குறியில் படும். 300 கஜம்வரை ஆட்டின் நெஞ்சுக்கு நடுவில் குறிவைத்தால் போதும், தூரக் கணக்கே தேவையில்லை. ஆட்டின் நெஞ்சுப் பகுதி ஓர் அடிக்கும் மேல் உயரம் உள்ளது. மூன்று நான்கு அங்குலம் மேலே கீழே போனாலும் நுரையீரலில்தான் படும்.

இதற்கு இரண்டு விஷயங்கள் ஒன்றாக வந்து சேர வேண்டியிருந்தது: வேகமான தோட்டா, நம்பகமான ஸ்கோப். 1930-களிலிருந்து 1950-களுக்குள் இரண்டும் சாமானிய வேட்டைக்காரரின் கைக்கு வந்தன. ஓ'கானர் இரண்டைப் பற்றியும் விடாமல் எழுதினார். .270 வென்றதில் அவருடைய எழுத்துக்கு எவ்வளவு பங்கோ, அந்தக் காலப்பொருத்தத்துக்கும் அவ்வளவு பங்கு என்பது என் கருத்து.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓ'கானர் .30-06-ஐயும் 7×57-ஐயும் தாராளமாகப் பாராட்டினார், பயன்படுத்தினார். படித்தவர்கள் .270-ஐ மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

அவருக்கு எதிர்க்குரல் இருந்ததா?

எல்மர் கீத். 1899-இல் மிசௌரி மாநிலத்தில் பிறந்து, மான்டானாவிலும் ஐடஹோவிலும் வளர்ந்தவர். மாடு மேய்த்தார், குதிரை பழக்கினார், வேட்டைக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தார். தலையில் எப்போதும் அகன்ற விளிம்புத் தொப்பி. பள்ளிப்படிப்பு அதிகம் இல்லை. ஆனால் அவர் எழுத்தில் நேரே முன்னால் உட்கார்ந்து பேசுகிற ஒரு வலு உண்டு.

கீத்துக்கு வேகத்தில் நம்பிக்கை இல்லை. பெரிய துளை, கனமான குண்டு, ஆழமாகப் போக வேண்டும். எல்க் போன்ற பெரிய மானுக்கு .33 அங்குலத்துக்குக் குறையாத காலிபரும் 250 கிரெய்ன் குண்டும் வேண்டும் என்று வாதாடினார். .270 அவர் பார்வையில் சின்ன விலங்குகளுக்கான துப்பாக்கி. ஓ'கானர் பக்கத்தின் பதில்: சரியான இடத்தில் பட்டால் 130 கிரெய்ன் போதும், சுடும்போது துப்பாக்கி தோளில் உதைக்கும் பின்னுதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறவனுக்கு எந்தப் பெரிய காலிபரும் உதவாது. இது பல ஆண்டுகள் நடந்த சண்டை. வாசகர்கள் இரண்டு கட்சிகளாகப் பிரிந்தார்கள்.

யார் சொன்னது சரி?

இரண்டு பேருமே தாங்கள் கண்டதைத்தான் எழுதினார்கள்.

ஓ'கானர் இளமையில் சுட்டுப் பழகியது அரிசோனாவின் கூஸ் மானையும் பாலைவன மலையாட்டையும். கூஸ் மான் ஏறத்தாழ ஒரு வளர்ந்த வெள்ளாட்டின் அளவு. திறந்த வெளி. விலங்கு வேட்டைக்காரரைப் பார்க்கவில்லை. உட்கார்ந்து, மூச்சைச் சீராக்கி, விலா தெரியும் வரை காத்திருந்து சுடலாம். அடிபட்ட விலங்கு நூறு கஜம் ஓடினாலும் கண்ணுக்கு முன்னாலேயேதான் ஓடும். அப்படிப்பட்ட இடத்தில் வேகமும் துல்லியமும் போதும்.

கீத் இருந்தது ஐடஹோவின் சால்மன் ஆற்றுப் பக்கம். அடர்ந்த ஊசியிலைக் காடு, நவம்பர் பனி. ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். அது பெரும்பாலும் ஓடுகிற நிலையில், பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டுதான் தெரியும். குண்டு தொடையில் நுழைந்து, தீவனம் நிறைந்த வயிற்றைத் தாண்டி, நுரையீரலை எட்ட வேண்டும். இலேசான, வேகமான குண்டு பாதி வழியில் சிதறிவிடும்.

இதைவிட முக்கியமாக நான் நினைப்பது கீத் வழிகாட்டியாக இருந்ததை. அவர் பார்த்தது தான் சுட்ட குண்டுகளை மட்டும் அல்ல. நகரத்திலிருந்து வந்த வாடிக்கையாளர் பதற்றத்தில் தவறான இடத்தில் சுட்டுவிட்ட எல்க்கைப் பனியில் மணிக்கணக்காகத் தேடிப் போனவர் அவர். ஓ'கானர் தன் சூட்டை வைத்து எழுதினார். கீத் மற்றவர்களின் மோசமான சூட்டை வைத்து எழுதினார். 1948-க்குப் பிறகு ஓ'கானரும் ஐடஹோவுக்கே குடிவந்துவிட்டார். இருவரும் ஒரே மாநிலம், ஏறத்தாழ ஒரே விலங்குகள். அப்போதும் கருத்து சேரவில்லை என்றால், மாநிலத்தின் வரைபடத்தில் அதற்குக் காரணம் கிடைக்காது. ஒவ்வொருவரும் எந்த வேலையில் நின்றார் என்பதில்தான் கிடைக்கும்.

வாசகருக்கு வந்த சிக்கல் இங்கேதான். பென்சில்வேனியாவின் ஓக் காட்டில் 60 கஜத்தில் வெள்ளைவால் மானைச் சுடுகிறவருக்கு சொனோரா மலையும் பொருந்தாது, சால்மன் காடும் பொருந்தாது. அவருக்கு 1895-இல் வந்த .30-30-ஏ தாராளம். ஆனாலும் அவர் ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்தார்.

எழுத்தாளர்கள் சொல்லிப் புதிய தோட்டாக்களே வந்தனவா?

நிறைய வந்தன. கீத் பல வருடம் .44 ஸ்பெஷல் கைத்துப்பாக்கித் தோட்டாவில் அதிக வெடிமருந்து நிரப்பிச் சுட்டு, அதைத் தொழிற்சாலையே செய்ய வேண்டும் என்று எழுதிக்கொண்டே இருந்தார். 1955-இல் ரெமிங்டன், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்ற இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து .44 மேக்னத்தை உருவாக்கின. வழக்கத்தைவிட வலுவான தோட்டாவை மேக்னம் என்பார்கள். ரைஃபிள் பக்கம் அவர் ஓ'நீல், ஹாப்கின்ஸ் என்ற இருவரோடு சேர்ந்து .333 காலிபரில் பரிசோதனைத் தோட்டாக்களைச் செய்தார். 1958-இல் வின்செஸ்டர் வெளியிட்ட .338 மேக்னத்தில் அந்தச் சிந்தனையின் தடம் தெளிவாகத் தெரியும். அதன் பின்னுதை .270-ஐப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

அவருக்கு முன்பே கர்னல் டவுன்சென்ட் வீலன் இருந்தார். ராணுவ அதிகாரி, .30-06-ஐ வேட்டைக்காரர்களிடம் கொண்டுசேர்த்தவர்களில் முக்கியமானவர். அவர் பெயரைத் தாங்கிய .35 வீலன் 1922-இல் உருவாகி, அறுபது வருடத்துக்கு மேல் தனிப்பட்ட பட்டறைகளிலேயே வாழ்ந்தது. 1980-களின் பிற்பகுதியில்தான் ரெமிங்டன் அதைத் தொழிற்சாலைத் தோட்டாவாக ஏற்றது. தொழிற்சாலைத் தோட்டா இல்லாத ஒரு காலிபரைக் கட்டுரைகளும் ஆர்வலர்களும் மட்டுமே இவ்வளவு காலம் உயிரோடு வைத்திருந்தது பெரிய விஷயம்.

'ஃபீல்ட் அண்ட் ஸ்ட்ரீம்' இதழின் வாரன் பேஜ் 6 மில்லிமீட்டர் தோட்டாக்களை ஆர்வத்தோடு பரிசோதித்து எழுதினார். .243 வின்செஸ்டர் பிறந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. வயோமிங்கில் வேட்டை முகாம் நடத்திய லெஸ் பௌமன் வேகமான 7 மில்லிமீட்டர் தோட்டாவுக்காக ரெமிங்டனிடம் வாதாடினார். 1962-இல் 7 மில்லிமீட்டர் ரெமிங்டன் மேக்னம் வந்தது.

எழுத்து ஒரு தோட்டாவை வீழ்த்தியதற்கு உதாரணம் உண்டா?

உண்டு, அதை விரிவாகவே சொல்கிறேன். 1955-இல் இரண்டு 6 மில்லிமீட்டர் தோட்டாக்கள் கடைக்கு வந்தன. ஒன்று .243 வின்செஸ்டர், இன்னொன்று .244 ரெமிங்டன். குண்டின் பருமன் இரண்டிலும் ஒன்றே. கூட்டின் கொள்ளளவில் ரெமிங்டனுக்குச் சற்றே அதிகம், அதனால் வேகமும் சற்று அதிகமாகக் கிடைக்கும்.

ஆனால் ரெமிங்டன், இந்தத் தோட்டாவைத் தரை அணில், கொயோட்டி போன்ற சின்ன விலங்குகளுக்காகத்தான் வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டது. அதனால் குழலின் உள்ளே ஓடும் புரியை 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று மெதுவாக வைத்தது. குண்டுகள் 75, 90 கிரெய்ன். வின்செஸ்டர் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்து, 80 கிரெய்னோடு 100 கிரெய்ன் குண்டையும் கொடுத்தது. புரி வேகமாக இருந்தால்தான் நீளமான, கனமான குண்டு பறக்கும்போது ஆடாமல் நிலையாகச் சுழலும்.

உடனே பேச்சு கிளம்பியது: வின்செஸ்டர் மானுக்கும் ஆகும், சின்ன விலங்குக்கும் ஆகும், ரெமிங்டன் சின்ன விலங்குக்கு மட்டுமே. 90-க்கும் 100-க்கும் இடையே வித்தியாசம் 10 கிரெய்ன், ஒரு கிராமில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. எந்த மானும் அதை உணரப் போவதில்லை. ஆனால் ஒரே ரைஃபிள் வாங்கப்போகிறவர் 'இரண்டு வேலைக்கும் ஆகும்' என்பதைத்தான் தேர்ந்தெடுப்பார். .243 பறந்தது, .244 தூங்கியது. 1963-இல் ரெமிங்டன் அதே தோட்டாவுக்கு '6 மி.மீ. ரெமிங்டன்' என்று பெயர் மாற்றி, 9 அங்குலத்துக்கு ஒரு சுற்றுப் புரியும் 100 கிரெய்ன் குண்டும் கொடுத்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

.280 ரெமிங்டனின் கதையும் ஏறத்தாழ இதுதான். 1957-இல் வந்தபோது அரைத் தானியங்கி ரைஃபிளுக்கு ஏற்றபடி அழுத்தத்தைக் குறைத்து நிரப்பினார்கள். 1979-இல் '7 மி.மீ. எக்ஸ்பிரஸ்' என்று பெயர் மாற்றி, பிறகு பழைய பெயருக்கே திரும்பினார்கள். .270-க்கும் அதற்கும் குண்டின் பருமனில் வித்தியாசம் 0.2 மில்லிமீட்டர்கூட வராது. ஓ'கானருக்குப் பிறகு அதே இதழின் பொறுப்பை ஏற்ற ஜிம் கார்மைக்கேல் .280-ஐ மனதார ஆதரித்து எழுதினார். நல்ல தோட்டா என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். .270-இன் இடத்தை மட்டும் அதனால் பிடிக்க முடியவில்லை.

ஆப்பிரிக்க யானையை 7×57-ஆல் சுட்டவர் ஒருவர் இருந்தார் என்கிறார்களே?

டபிள்யூ. டி. எம். பெல். 1880-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கு அருகில் பிறந்தவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர், பெரும்பாலானவற்றை 7×57 போன்ற சின்னக் காலிபரால். அவர் இதை எழுதிய பிறகு அந்தத் தோட்டாவுக்குத் தெய்வீகப் புகழ் வந்தது.

பெல் எழுதியதை முழுதாகப் படித்தவர்களுக்கு விஷயம் வேறாகத் தெரியும். அவர் செத்த யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, எந்தக் கோணத்திலிருந்து எங்கே சுட்டால் மூளை கிடைக்கும் என்று வரைந்து வைத்தவர். நுனி விரியாத, முழு உறையிட்ட குண்டையே பயன்படுத்தினார். அவர் காலத்தில் அந்த யானைகள் ரைஃபிளுக்குப் பழகாதவை, திறந்த வெளியில் நின்றவை. அடர்ந்த புதரில் பத்துக் கஜத்தில் பாய்ந்து வரும் யானைக்கு முன்னால் சாதாரண மனிதன் 7×57-உடன் நிற்பது தற்கொலை. ஆப்பிரிக்க வேட்டைக்காரர் ஜான் டெய்லர், தோட்டாக்களின் வலுவை ஒப்பிட 1948-இல் வெளியிட்ட கணக்கு, குண்டின் பருமனுக்கும் எடைக்கும் முக்கியத்துவம் கொடுத்தது. தந்தம் தேடிய அவர் அனுபவம் அந்தப் புதர்க்காட்டு அனுபவம்.

வேகத்தை நம்பி ஏமாந்ததற்கும் ஆப்பிரிக்காவில் உதாரணம் இருக்கிறது. .280 ராஸ் என்ற தோட்டா விநாடிக்கு 3,000 அடி என்ற புகழோடு வந்தது. 1911-இல் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரேயின் தம்பி ஜார்ஜ் கிரே, கென்யாவில் அதைக் கொண்டு சிங்கத்தைச் சுட்டார். சிங்கம் நிற்கவில்லை, குதறியதில் அவர் இறந்தார். அந்தச் செய்தி பரவியதில் ஆபத்தான விலங்குகளுக்கு அந்தத் தோட்டாவின் பெயர் கெட்டது. குறை காலிபரிலா, சீக்கிரம் சிதறும் குண்டிலா என்று அப்போது பலர் பிரித்துப் பார்க்கவில்லை.

நம் பக்கத்துக்கு இதில் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. 1909-இல் ஆப்பிரிக்கா போன அமெரிக்க முன்னாள் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட், .405 வின்செஸ்டரைச் சிங்கத்துக்குக் கைகண்ட மருந்து என்று புகழ்ந்து எழுதினார். அதே .405-தான் பெங்களூரு கென்னத் ஆண்டர்சனின் துப்பாக்கியும். தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடி அவர் திரிந்தபோது தோளில் இருந்தது அது. 300 கிரெய்ன் குண்டு, நெம்புகோலால் இயக்கும் ரைஃபிள். அவர் சுட்டது பெரும்பாலும் மிகக் குறைந்த தூரத்தில், டார்ச் வெளிச்சத்தில். அந்த வேலைக்கு வேகத்தைவிடப் பாரம் நல்லது.

குமாவுன் மலைகளில் ஜிம் கார்பெட்டின் பெயரோடு ஒட்டிக்கொண்டது .275 ரிக்பி, அதாவது ரிக்பி நிறுவனம் வேறு பெயரிட்டு விற்ற அதே 7×57. சம்பாவத் பகுதியின் ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாணங்களின் துணைநிலை ஆளுநர் ஜான் ஹியூவெட் அவருக்குப் பரிசாகக் கொடுத்தது. கட்டையில் பதித்த தகட்டில் அந்த விவரம் இருக்கிறது. ஆனால் அந்தப் புலிக்குக் கடைசிக் குண்டு போனது தாசில்தாரிடமிருந்து வாங்கிய பழைய துப்பாக்கியிலிருந்து. .275 அதற்குப் பின் வந்தது. பலர் இதைக் கலந்துவிடுகிறார்கள்.

எழுத்தைவிட இந்தியாவில் சட்டத்துக்குப் பலம் அதிகம். 1907 வாக்கில் பிரிட்டிஷ் அரசு .450 காலிபரை இந்தியாவிலும் சூடானிலும் தடை செய்தது. கிளர்ச்சியாளர்களிடம் இருந்த மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளுக்கு அந்தக் குண்டுகள் பயன்படும் என்ற பயம். உடனே லண்டன் துப்பாக்கிக்காரர்கள் .465, .470, .475, .476 என்று மளமளவென்று புதியவற்றைச் செய்தார்கள். பிற்காலத்தில் ஆப்பிரிக்க வேட்டையின் அரசன் எனப் புகழப்பட்ட .470 பரவியதற்கு இந்தியச் சட்டம் ஒரு பெரிய காரணம். சுதந்திர இந்தியாவிலும் .303 போன்ற ராணுவக் காலிபர்கள் தனியாருக்கு மறுக்கப்பட்டன. அதனால்தான் அரசுத் தொழிற்சாலை செய்த .315 இங்கே ஊருக்கு ஊர் தெரிந்த பெயராயிற்று. அதற்காக எந்த எழுத்தாளரும் பேனா பிடிக்கவில்லை.

எழுத்தாளர்கள் நிறுவனங்களிடம் விலைபோனார்களா?

எல்லோரையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். இதழ்கள் விளம்பரத்தில் வாழ்ந்தன, விளம்பரம் கொடுத்தவை துப்பாக்கி நிறுவனங்கள். புது ரைஃபிள் கடைக்கு வருவதற்கு முன்பே எழுத்தாளர் கைக்கு வந்துவிடும். அந்த நிலையில் கடுமையாக எழுதுவது கஷ்டம். புதுத் தோட்டாவைப் பற்றிய முதல் கட்டுரை பெரும்பாலும் பாராட்டாகவே இருப்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். நான் அந்த முதல் கட்டுரைகளுக்கு மதிப்புக் கொடுப்பதில்லை. அதே எழுத்தாளர் பத்து வருடம் கழித்து, தன் சொந்த வேட்டைக்கு எந்த ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு போகிறார் என்று பார்ப்பேன்.

வாதத்தில் யாரும் கவனிக்காதது என்று ஏதாவது உண்டா?

குண்டின் கட்டமைப்பு. 1946-இல் கனடாவில், மூஸ் என்ற மிகப் பெரிய மான்வகையை வேட்டையாடியபோது, ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்க வேட்டைக்காரரின் வேகமான .300 மேக்னம் குண்டுகள் சேறு படிந்த தோலிலும் தசையிலும் பட்டுச் சிதறி, உள்ளே போகாமல் நின்றுவிட்டன. வீடு திரும்பியவர், நடுவில் செம்புச் சுவர் வைத்து முன்பாதி விரிந்தாலும் பின்பாதி உடையாமல் உள்ளே போகும் குண்டைச் செய்தார். 1948-இல் அது விற்பனைக்கு வந்தது. பார்ட்டிஷன் என்று பெயர். அந்த ஒரு மாற்றத்தால் .270-உம் எல்க்குக்கு நம்பத்தகுந்ததாக ஆயிற்று. கீத்தின் பழைய குறை பாதி தீர்ந்தது. வாதம் மட்டும் பழைய குண்டுகளின் அனுபவத்திலேயே இன்னும் பல வருடம் ஓடியது.

இந்தக் கதையில் பெண்கள் இல்லையா?

எலியனோர் ஓ'கானர். ஜாக்கின் மனைவி. 7×57-ஐ வைத்துக்கொண்டு கணவருக்குச் சமமாக வேட்டையாடினார். யானையைக்கூட .30-06-ஆல் வீழ்த்தினார். அவர் கதை கணவரின் கட்டுரைகள் வழியாகத்தான் வெளியே தெரிந்தது. இலேசான பின்னுதை உள்ள தோட்டாவும் பெரிய விலங்குக்குப் போதும் என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி ஓ'கானருக்குக் கிடைத்திருக்காது. அவரே தன் பெயரில் நிறைய எழுதியிருந்தால் 7×57 அமெரிக்காவில் வேறு உயரத்துக்குப் போயிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

இன்று அந்த இடத்தில் யார்?

தனி ஒருவர் என்று யாரும் இல்லை. 2007-இல் ஹார்னடி நிறுவனம் 6.5 கிரீட்மூரை இலக்குச் சூட்டுப் போட்டிக்காக வெளியிட்டது. பத்து வருடத்துக்குள் அது வேட்டைக்காரர்களின் முதல் தேர்வுகளில் ஒன்றானது. நீண்டதூரச் சூட்டுப் போட்டிகளும் காணொளிகளும் அதைத் தூக்கிவிட்டன. மானின் மேல் பட்டபின் அது செய்வதற்கும், 1890-களில் ஸ்வீடனும் நார்வேயும் ஏற்ற 6.5×55 செய்வதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 1997-இல் வந்த .260 ரெமிங்டனும் அதே வேலையைச் செய்யும். கிரீட்மூருக்கு வாய்த்தது வேகமான புரி, தொடக்கத்திலிருந்தே நல்ல தொழிற்சாலைத் தோட்டா, லேசர் தூரமானி எல்லோர் பையிலும் இருந்த காலம். தூரம் துல்லியமாகத் தெரிந்துவிட்டால் ஓ'கானரின் 3 அங்குலக் கணக்குக்கு அவசியம் குறைகிறது. குண்டு காற்றில் எவ்வளவு விலகும் என்பது முன்னுக்கு வருகிறது. அதில் நீளமான 6.5 குண்டு கெட்டி.

பழைய வேட்டைக் கட்டுரையைப் படிக்கும்போது எதைக் கவனிக்கலாம்?

எழுதிய ஆண்டை முதலில் பாருங்கள். 1948-க்கு முந்தையது என்றால் நோஸ்லரின் குண்டு அப்போது கடையில் இல்லை. 'குண்டு சிதறியது' என்ற புகாரை அந்தக் காலத்துக் குண்டின் மேல் வையுங்கள். அடுத்து தூரம், விலங்கின் எடை, அது நின்றதா ஓடியதா, எழுதியவர் சுட்டாரா, சுடுகிறவர் பக்கத்தில் நின்றாரா என்று பாருங்கள். பல கட்டுரைகளில் இதெல்லாம் முதல் இரண்டு பத்திகளிலேயே வந்துவிடும், காலிபர் பெயர் வருவதற்கு முன்பாகவே. கீத்தின் ஓர் எல்க் கட்டுரையையும் ஓ'கானரின் ஒரு மலையாட்டுக் கட்டுரையையும் அடுத்தடுத்துப் படித்து, காலிபர் பெயர்களை மட்டும் விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். யார் எதைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார் என்பதை அந்த நிலமே சொல்லிவிடும்.